முத்துத்துறையும் மாதர் ஊழியமும்



நம் சங்கத்தின் கல்வி நிதிக் குழுவிற்கு அண்மையில் விண்ணப்பம் ஒன்று வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறிய பெண்ணொருத்தி, கப்பற் கல்வி பயிலப் பொருளுதவி வேண்டி எழுதியிருந்தனள். அதனை வாசித்தபின் குழுவிலிருந்த பெரியவர் ஒருவர், "கடல் வேலை ஆண்பிள்ளை வேலையன்றோ? நம் முன்னோர் காலந்தொட்டு அப்படித்தானே? ஆசிரியப் பயிற்சிக்கோ தாதிப் பயிற்சிக்கோ கேட்டால் இன்றே கொடுத்துவிடலாம்" என்றனர். பிறர் வாளாவிருந்தனர். யானும் வாளாவிருந்தேன். முடிபு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

வீடு திரும்பிய பின்னர், "முன்னோர் காலந்தொட்டு" என்னும் அச்சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. முன்னோர் காலத்தில் நம் கடற்கரையில் அரசர்க்கும் அரசாங்கத்திற்கும் உரிய தொழில்களை ஆற்றியவர் யாவர்? அவற்றுள் ஆடவர் நிலை யாது? பெண்டிர் நிலை யாது? இவற்றை ஒருவாறு ஆராய்ந்து அங்கத்தினர் முன்வைத்தல் தமிழ் கற்பிக்கும் என் கடனென எண்ணி இதனை எழுதலானேன்.

பண்டைக் காலம்

பாண்டியர்க்குரிய கொற்கை முத்து, சங்கச் செய்யுட்களிற் பலவிடத்தும் புகழப்பெற்றது. முத்தும் சங்கும் எடுத்தற்குக் கடலுள் மூழ்கியவர் ஆடவரென்றே அந்நூல்களால் அறிகின்றோம். ஆயினும் நெய்தல் நிலத்து மகளிர் வாளாவிருந்தவரல்லர். கரையில் உலரவிட்ட மீனைக் கவரவரும் புட்களை ஓட்டினர், மீன் விற்றனர். உமணர் மகள் தெருவிற் சென்று நெல்லுக்கு உப்பை மாற்றாகக் கூறி விற்ற காட்சியை அகநானூறு காட்டுகின்றது. எனவே, கடற்றொழில் என்பது அலைக்கு அப்பால் ஒரு பாதியும் அலைக்கு இப்பால் ஒரு பாதியுமாக அமைந்ததென்பது தெளிவு. அலைக்கு அப்பாற்பட்ட பாதியையே நாம் தொழிலென்று எண்ணப் பழகிவிட்டோம்.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடற் பயண நூல், கொற்கையில் முத்தெடுக்கும் வேலைக்குத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் அமர்த்தப்பட்டனர் என்று கூறும். இதனை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். மூழ்குதல் ஆடவர்க்குரிய பெருமையென்று இன்று பேசுகின்றோம். அரசன் கண்ணிலோ அஃது ஒரு காலத்தில் குற்றவாளிக்கு விதிக்கத்தக்க துன்பமாகவே இருந்தது. ஒரு தொழிலின் மதிப்பு அத்தொழிலுக்குள் நிலையாக இருப்பதன்று. வேலை வாங்குவோன் கைக்கணக்கில் ஏறியும் இறங்கியும் வருவது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசர்க்கும், சுறா அணுகாவண்ணம் மந்திரிப்பவர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன என்று எழுதியுள்ளார். மந்திரம் சொல்பவனுக்கும் பங்குண்டு. கரையில் இருந்து உழைத்த மனையாளுக்குப் பங்கு யாதென்று அவர் எழுதினாரில்லை; கேட்டவரும் இலர் போலும்.

போர்ச்சுகீசியர் காலத்தில் ஒரு விநோதம் உண்டு. இம்முத்துக்கரையிலிருந்து திரட்டிய இறையில் ஒரு பகுதி, போர்ச்சுகல் நாட்டு அரசி கதரீனாவின் பாதரட்சைச் செலவிற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அப்பொருளை இங்குள்ள சிறுவர்க்குக் கற்பிப்போரின் ஊதியத்திற்கு விட்டுக்கொடுக்க வேண்டுமென அவ்வரசிக்கு எழுதினார். முத்தெடுத்தவர் பொருள் கடல் பல கடந்து ஒரு பெண்ணரசியின் காலணியாயிற்று. இக்கரைப் பெண்டிரோ கொதிமணலில் வெறுங்காலுடன் நடந்தனர்.

சலாபமும் சர்க்காரும்

1658-இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைப்பட்டது. பின்னர் ஆங்கிலக் கும்பினியார் வசமும், அதன்பின் சென்னைச் சர்க்கார் வசமும் ஆயிற்று. ஆட்சி மாறினும் முத்துச் சலாபம் ஆள்வோர்க்கே உரியதாய் நின்றது. தோலாயிரம் பார் முதலிய பார்களைச் சோதித்து, சிப்பி முற்றியதென்று கண்ட ஆண்டில் மட்டுமே சலாபம் கூறப்படும். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீரில், காலிற் கல்லைக் கட்டி, ஏறத்தாழ ஒரு நிமிஷ நேரம் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி வாருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையில் நிலவிய ஒழுங்கின்படி, எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கும், ஒரு பங்கு குளித்தோர்க்கும் உரியது. சர்க்கார் பங்கு ஆயிரஞ்சிப்பிக்கு இவ்வளவு விலையென ஏலத்தில் விற்கப்படும்.

நம் சரித்திரத்தில் அரசாங்க உத்தியோகத்திற்கு மிக அணுக்கமாக நின்ற பெருந்தொழில் இதுவே. இதிற் பெயர் பதிவானவர் யாவரும் ஆடவர். ஆயின் மைத்துனன் கயிற்றின் செய்தியை நம் வீடுகளில் அறியாதார் யாவர்? மூழ்குபவனுடைய கயிற்றைத் தோணியிலிருந்து பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருத்தல் வேண்டும், தன் தங்கையின் தாலி தன் கையில் இருப்பதை அறிந்தவன் கயிற்றை நழுவவிடான் என்று முதியோர் சொல்லுவர். தோணியில் பெண் ஏறவில்லை. ஆனால் அத்தொழில் முழுதும் அவள் கழுத்தின் மேலேயே கட்டப்பட்டிருந்தது.

இந்தியக் கரையில் 1955 முதல் 1961 வரை சலாபம் நடந்தது. அதற்குப்பின் இத்துறையில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. அவ்விறுதிச் சலாபங்களை என் பாட்டியார் கண்டவர். விடியுமுன் சோறாக்கிக் கொடுத்தனுப்பி, மாலையில் தோணி திரும்புமளவும் கரையில் நின்று, தம் பங்காக வந்த சிப்பியை இரவில் விளக்கொளியில் அலசி, கடுகளவு முத்தையும் விடாது பொறுக்கியவர் அவரே. "கணக்கில் உங்கள் தாத்தா பெயர், நாற்றத்தில் என் பெயர்" என்று நகைத்துக்கொண்டே சொல்வார். அந்நகையின் உட்பொருள் எனக்கு நாற்பது வயதிற்குப் பின்னரே விளங்கிற்று.

மூழ்குதல் பெண்ணுடலுக்கு இயலாது என்று கருதுவோர், கீழ்த்திசைக் கடல்களை நோக்குக. ஜப்பானில் 'ஆமா' எனப்படும் மகளிர் நெடுங்காலமாக மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கின்றனர். 1893-இல் வளர்ப்பு முத்தை உண்டாக்கிய மிக்கிமோட்டோ என்பாரின் முத்துப் பண்ணைகளில் சிப்பி எடுத்தும் காத்தும் உதவியவர் அம்மகளிரே. கொரியா நாட்டு ஜேஜூ தீவில் மூழ்குவோர் பெண்டிரே. அவர்தம் மரபை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2016-இல் உலக மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அத்துணைத் தூரம் செல்வதும் வேண்டா. நம் அண்டை இராமநாதபுரக் கரையில் கடற்பாசி எடுக்க மூழ்குவோர் மகளிரல்லரோ? ஆதலின் இங்கே பெண் மூழ்காமைக்குக் காரணம் கடலன்று. வழக்கமும், அவ்வழக்கத்தை அப்படியே பேரேட்டில் எழுதிக்கொண்ட சர்க்காருமே என்க.

உப்பும் தேயிலையும்

முத்துக்கு அடுத்த அரசுரிமைப் பொருள் உப்பு. 1805-இல் கும்பினியார் சென்னை மாகாணத்தில் உப்பைத் தம் ஏகபோகமாக்கினர். உப்பு வரி 1947-இல் நீங்கிற்று. இப்பொழுது தூத்துக்குடி உப்பளங்கள் பெரும்பாலும் தனியாரிடமும் குத்தகையாளரிடமும் உள்ளன. தமிழ்நாட்டு அரசின் உப்புக் கழகம் 1974-இல் தோன்றி, இராமநாதபுரத்து வாலிநோக்கத்தில் அளம் நடத்தி வருகின்றது.

முத்துச் சலாபத்தின் ஏட்டில் பெண் பெயரே இல்லை. உப்பளத்தில் அவள் பெயர் உண்டு, ஆயினும் இரண்டாம் வரிசையில் உண்டு. பாத்தியில் வாரும் வேலை ஆடவர்க்கென்றும், வாரிய உப்பைத் தலைச்சுமையாக அம்பாரத்திற்குக் கொண்டுசேர்க்கும் வேலை பெண்டிர்க்கென்றும் வகுத்து, பின்னதற்குக் கூலி குறைத்தலே நெடுநாள் வழக்கம். இவ்விரண்டனுள் எது எளிது என்று ஒருநாள் கூடை சுமந்து பார்த்தவரே சொல்லத் தகுந்தவர். வெண்ணுப்பின்மேற் பட்டெழும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உப்பு நீர் காலை அரிக்கும். இவை இருபாலார்க்கும் பொது. ஒதுங்க மறைவிடமின்மையால் நாள் முழுதும் நீர் பருகாது அடக்கி, அதனால் நோயுறுதல் பெண்ணுக்கே உரிய துன்பம். மழைக்காலத்தில் அளம் அடைபட, இருபாலாரும் வேலையின்றி வாடுவர். அம்மாதங்கட்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குவதாகத் தமிழ்நாட்டு அரசு 2021-இல் அறிவித்தது வரவேற்கத்தக்கது.

தூத்துக்குடித் துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய கூலிமக்கள் கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. இலங்கை அரசாங்கம் 1927-இல் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்த கூலி விதிக்கும் சட்டம் இயற்றிற்று. அதன்படி முதன்முதல் நிர்ணயித்த விகிதம், மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கொழுந்து பறிப்பதில் பெண் விரலுக்கு ஒப்பில்லை என்று புகழ்ந்தவர்களே அவ்விரலுக்குப் பதினொரு சதம் குறைத்தனர். 1972-லும் 1975-லும் நடந்த நிலச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. முதலாளி போய் அரசே எசமானனாயினும் பெண் கூலி உடனே உயர்ந்ததா? இல்லை. தொழிலாளர் கிளர்ச்சியின் பயனாக 1984-இலேதான் ஆண் பெண் கூலி சமமாயிற்று. அரசாங்கத் தொழில் என்ற மாத்திரத்தானே நீதி தானாக வந்துவிடும் என்று நம்புதல் பேதைமை என்பதற்கு இதுவே சான்று.

உத்தியோக சாலை

இனிச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய உத்தியோகங்களை நோக்குவோம். இங்கே கூலி வேற்றுமை ஏட்டளவில் இல்லை. ஆனால் வேறொரு தடை வாயிலில் நின்றது. அதுவே விவாகம்.

சுதந்தர இந்தியாவின் ஆட்சிப்பணியில் முதன்முதற் சேர்ந்த பெண்மணி அன்னா ராஜம் ஜார்ஜ். அவர் 1951-ஆம் ஆண்டுத் தொகுதியினர். சென்னை மாகாணத்திற்கே அனுப்பப்பட்டார். அக்காலத்து முதல்வர் இராஜாஜி, மாவட்டப் பணி பெண்ணுக்குத் தகாதெனத் தயங்கித் தலைமைச் செயலகத்தில் இடந்தர முன்வந்தாரென்றும், அவ்வம்மையார் வாதாடி ஓசூரில் துணை ஆட்சியர் பதவி பெற்றாரென்றும் கூறுவர். மணஞ்செய்து கொண்டால் பணி நீங்கும் என்னும் நிபந்தனை அவர் நியமன ஆணையில் இருந்தது. பிற்காலத்தில் அவ்விதி மாற்றப்பட்டது. மாவட்டத்தை ஆளமாட்டார் என்று ஐயுறப்பட்ட அதே அம்மையார்தாம், பிற்காலத்தில் மும்பையை அடுத்த நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தை அமைக்கும் பொறுப்பை ஏற்று முடித்தார். அத்துறைமுகம் 1989-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டே அவர்க்குப் பத்மபூஷண் விருதும் கிடைத்தது. கடல் வேலை ஆண்பிள்ளை வேலை என்று சொல்லும் நம் பெரியவர்கள் இதனைக் குறித்துக்கொள்வாராக.

அயல்நாட்டு உறவுப் பணியில் 1949-இல் சேர்ந்த முத்தம்மா என்னும் அம்மையார், தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டமையையும், பெண் அதிகாரி மணஞ்செய்யச் சர்க்கார் அனுமதி பெறவேண்டும் என்னும் விதியையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-இல் அந்நீதிமன்றம் அத்தகைய விதிகளின் ஒருதலைப் போக்கைக் கடிந்துரைத்தது. ஓர் ஆடவன் மணஞ்செய்தால் வேலை கெடும் என்று அவ்விதிகள் சொன்னதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

காப்பும் தடையும்

பெண்டிர்க்கெனச் செய்த சட்டங்கள் இருவகைப்படும். ஒன்று காப்பது, மற்றொன்று காப்பது போலத் தடுப்பது. 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்டிர் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 11 மணியாகக் குறைத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம், காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அவர்களை ஆலையில் வேலை வாங்கலாகாது என்றது. நோக்கம் நன்றே. ஆயின் இரவு முறை உள்ள ஆலைகளில், இரவில் வரமாட்டாதாள் பகலிலும் வேண்டா என்று எசமானர் சொல்ல அஃது இடந்தந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் அத்தடையை அரசியற் சட்டத்திற்கு முரணென நீக்கி, தக்க பாதுகாப்பும் ஊர்தி வசதியும் தந்து வேலை வாங்குக எனத் தீர்ப்பளித்தது. நோயாளியை இரவில் காக்கும் தாதியர்க்கு இத்தகைய தடை என்றும் இருந்ததில்லை என்பது சிந்திக்கத்தக்கது. இரவு ஒன்றே, சம்பளம் உயர்ந்த வேலையில் மட்டும் அது பெண்ணுக்கு இருளாயிற்று.

1976-ஆம் ஆண்டுச் சட்டம் சம வேலைக்குச் சம ஊதியம் என்று விதித்தது. பேறுகால விடுமுறைக்கு 1961-இல் நாடு முழுதிற்கும் சட்டம் உண்டாகி, 2017-இல் அது 26 வாரமாக உயர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 1989-இல் தன் பணிகளில் நூற்றுக்கு முப்பது இடங்களைப் பெண்டிர்க்கு ஒதுக்கிற்று. 2021-இல் தன் பெண் ஊழியர்க்குப் பேறுகால விடுமுறையைப் பன்னிரண்டு மாதமாக்கிற்று. இவை யாவும் பெரும் பேறுகளே. ஆயின் அதே அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க ஒப்பந்தக்காரர் வழி வந்த பெண்ணுக்கு அவ்வோராண்டு விடுமுறை உரியதன்று. ஒரே கூரையின் கீழ் இரண்டு தாய்மை உண்டாயிற்று.

பிறரைக் குறைகூறுமுன் என் குறையையும் உரைப்பேன். யான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் ஆசிரியைமார்க்குத் தனிக் கழிப்பிடம் பல்லாண்டு இல்லை. உடன் பணியாற்றிய அம்மையார் ஒருவர் காலை முதல் மாலை வரை ஒரு மிடறு நீரும் அருந்தமாட்டார். அஃது அவர் விரதமென்றே எண்ணியிருந்தேன். அவர் நோயுற்று விடுப்பெடுத்த பின்னரே காரணம் அறிந்தேன். எங்கள் இருவர்க்கும் ஊதியம் ஒன்று, பாடவேளை ஒன்று. ஆயினும் வேலை ஒன்றன்று. உப்பளத்துப் பெண்ணின் துன்பமும் பட்டம் பெற்ற ஆசிரியையின் துன்பமும் அவ்வொரு வகையில் ஒன்றாய் நின்றதைக் கண்டு நாணினேன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் அறிவது யாது? முத்துச் சலாபத்தில் பெண் உழைப்பு ஏட்டில் ஏறவில்லை. உப்பளத்திலும் தோட்டத்திலும் ஏறிற்று, குறைந்த விலைக்கு ஏறிற்று. உத்தியோக சாலையில் சமவிலைக்கு ஏறிற்று, மணஞ்செய்யாதிருத்தல் என்னும் கட்டளையோடு ஏறிற்று. அக்கட்டளையும் நீங்கிய இந்நாளில், கழிப்பிடம், இரவு ஊர்தி, குழந்தைக் காப்பிடம், ஒப்பந்த வேலை என்னும் சிறு வாயில்களில் வேற்றுமை ஒளிந்து நிற்கின்றது. ஒவ்வொரு காலத்தும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: வேலையின் இயல்பு அத்தகையது என்பது. ஒவ்வொரு காலத்தும் அக்காரணம் பொய்த்ததையும் வரலாறே காட்டிற்று.

நம் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாகி, 2011-இல் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. வெள்ளையர்க்கே உரியதென்று அக்காலத்தார் நம்பிய கப்பற்றொழிலில், 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்டு புகுந்தவர் அவர். முன்னோர் காலந்தொட்டு இல்லையே என்று அவர் எண்ணியிருப்பின் அப்பெயர் இன்று எங்கே? 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகக் கப்பலோட்டிகள் ஏறத்தாழ 19 இலட்சம் பேரில் பெண்டிர் சுமார் 24,000 பேரே. நூற்றுக்கு ஒன்றேகால் அளவினர். ஆயினும் சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோபர் நாகா என்னும் பெண், 2018-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் ஊக்ளி ஆற்று வழியே பெருங்கப்பல்களை நடத்திச் செல்லும் பைலட் பதவியில் அமர்ந்தனர். ஆற்றின் மணற்றிட்டுக்கு ஆண் பெண் என்னும் பேதம் தெரியாதன்றோ?

ஆதலின், அன்பர்காள்! அடுத்த கூட்டத்தில் அவ்விண்ணப்பம் மீண்டும் எடுக்கப்படும்பொழுது யான் வாளாவிருக்கப் போவதில்லை. அப்பெண்ணின் மதிப்பெண்ணையும் குடும்ப நிலையையும் நோக்கி முடிபு செய்க. ஆணோ பெண்ணோ என்று நோக்கற்க என வேண்டுவேன். கடல் கொடியது, அவளுக்கு அஞ்சுகின்றோம் என்பீராயின், அவ்வச்சம் அன்பினால் வருவதென்பதை யான் மறுக்கவில்லை. நம் முன்னோரும் கடலுக்கு அஞ்சினர். அஞ்சியதனால் மூழ்குவானைக் கரையில் நிறுத்திவிடவில்லை. நம்பத்தக்கவன் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்பினர். இன்று மூழ்கப் புகுபவள் நம் மகள். கயிறு நம் கையில் உள்ளது. அதனை நழுவவிடாது பிடித்தலே நம் கடன்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் மகளிர்!